செல்லத்துரை சட்டை உரித்த வெள்ளிக்கிழமை

தையல்காரத் தெருவில் காஜா எடுத்துப் பிழைக்கிற தவமணி வளர்த்த சாரைப்பாம்புக்கு, சட்டை உரிக்கிறதுக்கு முன்னால், கண்ணில் மூட்டம் விழுந்தால், தெருவில் குடியிருக்கிற அத்தனை பேர் கண்ணிலும் மூட்டம் விழும். பாம்பு சட்டை உரித்துவிட்டால் அத்தனை பேருக்கும் கண் தெளியும். இதில் வாயைப் பிளக்க ஒன்றுமில்லை. மேற்கே மழை பெய்தால் இங்கே வாய்க்காலில் தண்ணீர் வருகிறதில்லையா, அந்த மாதிரி அங்கே இது நடந்துகொண்டிருந்தது.

பாம்பு வந்த கதையை ஆளுக்கொரு விதமாகச் சொல்வார்கள், எல்லாவற்றையும் கேட்டால் பொழுது போய்விடும், நடந்தது இவ்வளவுதான்: தவமணியின் புருஷன் கருத்தப்பாண்டி கேரளாவுக்கு வேலைக்குப் போகிறேன் என்று பஸ் ஏறியவன், போன இடத்தில் இன்னொருத்தியோடு குடித்தனம் வைத்துவிட்டான் என்று சேதி வந்த வாரம், பொத்தான் துளை போட்டுத் தரச் சொல்லி வந்த சட்டை மூட்டையை அவள் அவிழ்த்தாள், ஒரு பள்ளிக்கூடச் சட்டையின் காலருக்குள் விரல் தண்டிக்கு ஒரு பாம்புக்குட்டி சுருண்டு படுத்திருந்தது. அடிக்கத்தான் விளக்குமாற்றை எடுத்தாள். குட்டி தலையைத் தூக்கி அவளைப் பார்த்தது, அவளும் பார்த்தாள்; அந்த வாரம் முழுக்க அவளை நேருக்கு நேர் பார்த்த ஒரே ஜீவன் அதுதான், மற்றவர்களெல்லாம் ‘ச்சொ ச்சொ’ என்று தரையைப் பார்த்துப் பேசிவிட்டுப் போனவர்கள். விளக்குமாற்றைக் கீழே போட்டாள். “போனதுக்கு வந்தது சரியாப்போச்சு. போனது வாயைத் தொறந்தா பொய்யி, இது வாயவே தொறக்காது” என்று சொல்லி, செல்லத்துரை என்று பேர் வைத்து, தையல் மிஷின் காலடியில் ஒரு பழைய பாவாடையை விரித்துப் படுக்கப் போட்டாள்.

செல்லத்துரை வளர்ந்தான். பல்லியில் தொடங்கி எலிக்கு வந்தான், மிஷின் காலையும் அவள் காலையும் சேர்த்துச் சுற்றிக்கொண்டு கிடக்கிற அளவுக்கு நீண்டான், ராத்திரியெல்லாம் ஓட்டு இடுக்கிலும் துணிக்கட்டிலும் ஊர்ந்து தெருவில் எலி என்ற பேச்சே இல்லாமல் செய்தான். “பாம்பை வீட்டுக்குள்ள வச்சு வளக்குறாளே, இவளுக்குப் புத்தி பெசகிப்போச்சா” என்று வைதவர்களெல்லாம், ஒரு கட்டுத் துணியும் எலி கடிக்காமல் மழைக்காலம் கழிந்த பிறகு, வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

முதல் மூட்டம் விழுந்தபோது தெரு பயந்துதான் போனது. விடிந்து கண்ணைத் திறந்தால், எதிர்ச்சுவரும் எதிர்த்த வீட்டு ஆளும் கஞ்சித் தண்ணிக்குள் கிடக்கிற மாதிரி வெளுத்துத் தெரிகிறார்கள். ஊசிக் காதும் தெரியவில்லை, பெற்ற பிள்ளையின் மூக்கும் தெரியவில்லை. டவுனிலிருந்து கண் டாக்டர் வந்தார், திண்டாடித் திண்டாடி ஒவ்வொரு கண்ணிலும் டார்ச் அடித்துப் பார்த்தார், ஒன்றுமில்லை என்றார், வந்ததுதான் வந்தோம் என்று அன்றைக்கு அங்கேயே சாப்பிட்டுப் படுத்தார், காலையில் எழுந்து “ஐயோ, எனக்குமா” என்று டிரைவர் தோளைப் பிடித்துக்கொண்டு காரில் ஏறிப் போனார். அன்று சாயங்காலம் செல்லத்துரை மிஷினின் இரும்புக் காலில் மூக்கை உரசி உரசி உதட்டோரத்தைக் கிழித்து, ஈரச் சாக்கின்மேல் புரண்டு, முழுச் சட்டையையும் உள்பக்கம் வெளிப்பக்கமாகக் கழற்றிப் போட்டுவிட்டுப் புதுசாக வெளியே வந்தான். தெருவுக்குக் கண் தெளிந்தது. அடுத்த முறையும் அப்படியே, அதற்கு அடுத்த முறையும் அப்படியே நடக்கவும், இது செல்லத்துரையின் வேலைதான் என்று சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரிந்துபோயிற்று.

அதன்பிறகு தெரு பழகிக்கொண்டது. தெரு என்றால் எதற்கும் பழகிக்கொள்ளும், பழகாத தெரு இருந்து என்ன பிரயோசனம். முனையிலிருந்து முனைவரை வாசல் வாசலாகச் சணல் கயிறு கட்டினார்கள், மூட்டம் விழுந்தால் கயிற்றைப் பிடித்துக்கொண்டு கடைக்கும் குழாயடிக்கும் போய்வந்தார்கள், டவுன் பஸ் டிரைவர்கள் தெருமுனையில் ஒரு ஹாரனுக்கு ரெண்டாக அடித்தார்கள், பொண்ணு பார்க்க வருகிறவர்களைத் தரகர்கள் மூட்டம் இல்லாத நாள் பார்த்து வரச் சொன்னார்கள், சில தரகர்கள் வேண்டுமென்றே மூட்டத்தில் கூட்டிவந்து காரியத்தை முடித்தார்கள். தெரு நாய்களுக்கும் மூட்டம் விழுந்தது, சொந்த வாலைப் பார்த்தே குரைத்தன. சேவல்களுக்கு மட்டும் விழவில்லை, ஏன் என்று யாரும் கேட்கவில்லை. மூட்டம் தெளிந்த அன்றைக்கோ கண் அப்படித் தெளிவாக இருக்கும், கிழடுகள் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு நூலின் முறுக்கை எண்ணுவார்கள். அந்த வாரம் தைக்கிற ரவிக்கையில் ஒரு தையல் கோணாது என்று பேர் பரவி, கல்யாண வீட்டுக்காரர்கள் ஊர் ஊராக வந்து காத்துக்கிடந்தார்கள்.

இன்னொன்றும் நடந்தது, அதைப்பற்றி மட்டும் யாரும் வெளியே பேசுவதில்லை. மூட்டத்தில் யார் யாரோடு பேசுகிறார்கள் என்று தெரியாது. பாகப்பிரிவினையில் முறைத்துக்கொண்ட அண்ணனும் தம்பியும் கயிற்றில் கை இடித்துக்கொண்டு, குரலை வைத்து ஆளைக் கண்டுபிடித்தும் கண்டுபிடிக்காத மாதிரி, அரைமணி நேரம் ஊர்க்கதை பேசிவிட்டுப் போவார்கள். கண் தெளிந்ததும் பழையபடி மூஞ்சியைத் திருப்பிக்கொள்வார்கள்.

தவமணியின் வீட்டுக்கு மூட்டத்தில் வருகிறவள் சண்முகக்கனி. அவள் புருஷன் அங்குராஜ், யூனிபார்ம் தைக்கிற பெரிய பட்டறைக்காரர், கோயில் விழாக்குழுத் தலைவர், தெருவில் பாதிப் பேருக்கு வேலை கொடுக்கிறவர், புருஷன் விட்டுவிட்டுப் போனவள் வீட்டு வாசற்படியைத் தன் பெண்டாட்டி மிதிக்கக் கூடாது என்று கண்டிஷனாகச் சொல்லிவைத்திருப்பவர். மூட்டம் விழுந்ததும் கனி கயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்துவிடுவாள். தவமணி கண் தெரியாமலே விரல் நுனியில் துளையைத் தடவிக் காஜா எடுப்பாள், கனி பக்கத்தில் உட்கார்ந்து கொக்கி தைப்பாள், செல்லத்துரை ரெண்டு பேர் காலுக்கும் நடுவில் கிடப்பான், பேசுவார்கள், சிரிப்பார்கள், சில நாள் கனி அழுவாள். கண் தெளிந்த மறுநாள் குழாயடியில் பார்த்தால் கனி குடத்தைத் தூக்கிக்கொண்டு வேறு பக்கம் பார்த்தபடி போவாள். அது தவமணிக்கு வலித்தது. வலிக்கவில்லை என்று சொல்லிக்கொண்டாள்.

தெருவுக்கே கண்ணாக இருக்கிற ஒன்று, காஜா எடுக்கிறவள் வீட்டு மிஷினுக்கு அடியில் பழைய பாவாடையில் கிடக்கிறதே என்று விழாக்குழுவுக்கு உறுத்த ஆரம்பித்தது. தொழில் கொழித்த பிறகு எல்லாருக்கும் பக்தியும் கொழிக்கும். அங்குராஜ் நாலு பேரோடு வந்து, படி ஏறாமல், வாசலில் நின்றே பேசினார்.

“தவமணி, தெருமுனையில வேப்ப மரத்தடியில சிமெண்டுல புத்து கட்டி, டைல்ஸ் போட்டு, க்ரில் கேட் வச்சிருக்கோம். அம்மன் வந்து உக்காரணும்னு தெரு பூரா ஆசைப்படுது.”

“எந்த அம்மன், அண்ணே?”

“எந்த அம்மனா? இந்தா கெடக்கே உன் காலடியில. நாகாத்தம்மன்.”

“இவன் பேரு செல்லத்துரை” என்றாள் தவமணி.

“அவன் இவன்னு பேசாத. வாய் அவிஞ்சு போகும்.”

“இத்தனை வருசமா அப்படித்தான் பேசுறேன். என் வாய் நல்லாத்தான் இருக்கு, கேக்குறீங்கல்ல. கதவு தொறந்து கெடக்கு, அவனுக்குப் போகணும்னா போகட்டும், நான் கட்டியா வச்சிருக்கேன்? நீங்க தூக்கிட்டுப் போறதுக்கு நான் சம்மதிக்க மாட்டேன்.”

சம்மதத்தை யார் கேட்டார்கள். அவள் நூல்கண்டு வாங்க டவுனுக்குப் போயிருந்த நேரம் பார்த்து மேளத்தோடு வந்து, பித்தளை அண்டாவில் செல்லத்துரையை இறக்கி, மஞ்சள் துணி போர்த்தி, தெரு முழுக்கச் சுற்றிவந்து சிமெண்டுப் புத்துக்குள்ளே விட்டுப் பூட்டிவிட்டார்கள். அவள் திரும்பி வந்தபோது க்ரில் கேட்டுக்கு அந்தப் பக்கம், பளபளக்கிற டைல்ஸில், தலைக்கு மேல் ஒரு பெரிய பல்பு எரிய, அவன் இருந்தான். சாவி அங்குராஜ் இடுப்பில் இருந்தது.

“உனக்குத்தான் முதல் மரியாதை, வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை துண்ணூறு முதல்ல உனக்குத்தான்” என்றார் அவர், நிஜமாகவே பெரிய மனசோடுதான் சொன்னார்.

“உங்க மரியாதையத் தூக்கி உலையில போடுங்க. என் பாம்பைக் குடுங்க.”

கொடுக்கவில்லை. அவளும் விடவில்லை. பூசை நடக்கிற ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் போய் முன்வரிசையில் நின்றாள், எல்லாரும் பாட்டுப் பாடுகிறபோது அவள் வைதாள். பாட்டு முடிந்தாலும் அவள் முடிக்க மாட்டாள். நாளடைவில் தெரு அதற்கும் பழகி, மணி அடிக்கிறதும் தவமணி வைகிறதும் பூசையில் சேர்த்தி என்று ஆகிவிட்டது. வெளியூரிலிருந்து வந்தவர்கள் அவளைச் சாமியாடி என்று நினைத்துக் கையெடுத்துக் கும்பிட்டார்கள், அவர்களையும் சேர்த்து வைதாள்.

பால் ஊற்றினார்கள், அவன் குடிக்கவில்லை. பாம்பு பால் குடிக்காது என்று கத்தினாள், கேட்பாரில்லை. மஞ்சள் பூசினார்கள், குங்குமம் வைத்தார்கள், பிறகு யாரோ வேண்டிக்கொண்டு சந்தனக்காப்பு சாத்தினார்கள், அது பார்க்க அழகாக இருந்ததால் வாராவாரம் சாத்தினார்கள். பல்பு சூட்டில் சந்தனம் காய்ந்து இறுகும், அதன்மேல் அடுத்த வாரச் சந்தனம் ஏறும்.

அந்த நிலைமையில்தான் மறுபடியும் மூட்டம் விழுந்தது. தெரு வழக்கம்போலக் கயிற்றைப் பிடித்தது, வழக்கம்போலத் தெளியும் என்று காத்திருந்தது. தெளியவில்லை. வழக்கமான நாள் கடந்து, அடுத்த வெள்ளியும் கடந்து, அமாவாசையும் கடந்துவிட்டது, கண்ணில் கஞ்சித் தண்ணி கஞ்சியாகவே கெட்டிப்பட்டது. கல்யாண ரவிக்கைகள் வெட்டினபடியே கிடந்தன, வெளியூர் ஆட்கள் வருவது நின்றது, உலை வைக்கிற பெண்கள் கையைச் சுட்டுக்கொண்டார்கள், ஒரு குழந்தை சாக்கடைக்குள் விழுந்து தூக்கினார்கள். அம்மனுக்குக் கோபம் என்றார்கள், கோபம் தணியச் சந்தனத்தை இன்னும் தடிமனாக அப்பினார்கள்.

தவமணிக்கு மட்டும் தெருக்கண் பெரிதாகப் படவில்லை. க்ரில் கம்பிக்குள் கையை விட்டுத் துழாவினால் அவன் வந்து விரலில் தலையை வைப்பான். தோல் அப்பளம் மாதிரி வறண்டு மொரமொரத்தது, விலாவெல்லாம் ஒடுங்கிக்கிடந்தது, வால் நுனியில் பழைய தோல் நூல் சுற்றி இறுக்கின மாதிரி பிடித்திருந்தது. ஒரு முறை அப்படித்தான் நுனியில் துளித் தோல் நின்றுபோய், கறுத்து, அந்தத் துண்டு உதிர்ந்தே விழுந்தது. அவன் அன்றைக்கு மிஷினுக்கு அடியில் சுருண்டு எதையும் தின்னாமல் கிடந்தது அவளுக்கு மறக்கவில்லை. உரச ஒரு சொரசொரப்பு இல்லை, ஊற ஒரு சொட்டு ஈரம் இல்லை, மேலே சுண்ணாம்பு மாதிரி சந்தனம். இப்படியே விட்டால் செத்துப்போவான். அவளுக்கு அழுகை வந்தது, அழுகையைவிட ஆத்திரம் அதிகமாக வந்தது.

வெள்ளிக்கிழமை உச்சிப் பூசைக்குத் தெருவே கயிற்றைப் பிடித்து வந்து கூடி நிற்க, அங்குராஜ் தடவித் தடவிப் பூட்டைத் திறந்த நேரம், தவமணி ஒரு கையில் வெதுவெதுப்பான தண்ணீர் வாளியும் தோளில் நனைத்த சாக்குமாக வந்தாள். யாருக்கும் கண் தெரியாது, சத்தமில்லாமல் நுழைந்து தூக்கிக்கொண்டு போயிருக்கலாம். அவள் அப்படிச் செய்யவில்லை. தெரு நடுவில் நின்று, முனைவரை கேட்கிற மாதிரி சொன்னாள்: “நான் தவமணி வந்திருக்கேன். என் பாம்புக்குச் சட்டை உரிக்க வந்திருக்கேன். வழிவிடுங்க.”

“விடாதீங்கடா, பிடிங்க அவளை” என்றார் அங்குராஜ். பட்டறைப் பையன்கள் பாய்ந்தார்கள். ஒருத்தன் இன்னொருத்தனைப் பிடித்தான், அவன் வேறொருத்தனைப் பிடித்தான், மூன்றாவது ஆள் அங்குராஜையே இடுப்போடு கட்டிப்பிடித்து “சிக்கிட்டா, மொதலாளி, சிக்கிட்டா” என்று கத்தினான். தவமணி குனிந்து அவர்கள் கைகளுக்கு அடியில் புகுந்து உள்ளே போனாள். கையை வைத்ததும் செல்லத்துரை முழங்கையில் சுற்றிக்கொண்டான். கனமே இல்லை. சாமியாக்கி என் பிள்ளையை இப்படிக் காயப்போட்டுவிட்டார்களே என்று நெஞ்சு பொருமியது அவளுக்கு.

வெளியே வந்து படியில் உட்கார்ந்து வாளிக்குள் அவனை இறக்கினாள். தண்ணீர்ச் சத்தம் கேட்டதும் கூட்டம் அந்தப் பக்கம் திரும்பியது.

“தொட்டுட்டியா? தீட்டுப்பட்டுப் போச்சே” என்றார் அங்குராஜ், பிடித்தவனை உதறிக்கொண்டு.

“தொட்டாச்சு, அண்ணே. தீட்டு இருந்தா உங்க சந்தனத்தோட சேந்து கரைஞ்சு போகட்டும்.”

“அம்மனுக்கு ஒண்ணு ஆகி எங்க கண்ணு போச்சுன்னா உன்னைச் சும்மா விட மாட்டோம்.”

“இப்ப மட்டும் எங்க இருக்காம் உங்க கண்ணு?”

வெடுக்கென்று பிடுங்கலாம் என்றால், பிடுங்குகிற பிடுங்கலில் பாம்புக்கு ஏதாவது ஆகிவிட்டால் தன் கண்ணல்லவா போகும் என்று ஒவ்வொருத்தனும் நினைத்துத் தன் கையைத் தானே கட்டிக்கொண்டு நின்றான். தவமணி ஊறவைத்தாள், சந்தனத்தைக் கட்டி கட்டியாகக் கரைத்து எடுத்தாள், தண்ணீர் ஆறிக் குழம்பாகிவிட்டது. “யாராச்சும் வெந்நி கொண்டாங்க” என்றாள். ஒருத்தரும் அசையவில்லை. திரும்பவும் கேட்டாள். கொஞ்ச நேரம் கழித்து வளையல் சத்தமும், பாத்திரம் கல்லில் இடிக்கிற சத்தமும் கிட்டே வந்தன.

“யக்கா, கையை நீட்டுங்க. பதமா இருக்கு, சுடாது.”

குரலைக் கேட்டதுமே ஆள் யாரென்று தெரிந்து தவமணி கையை நீட்டினாள். “யாரது, யாரு கொண்டுவந்தது?” என்று அங்குராஜ் கேட்டார். கனி வாயைத் திறக்கவில்லை, தவமணியும் சொல்லவில்லை. “இங்கிட்டு உக்காரு, வாலை மடியில வச்சுக்கோ, இறுக்காத” என்றாள் அடங்கின குரலில்.

ஈரச் சாக்கை மடித்து அவன் தலையைச் சுற்றிப் பொத்தினாள். அவன் மூக்கை அதில் உரசினான், உரசினான், கடைசியில் உதட்டோரத்தில் நூலிழை அளவுக்குத் தோல் எழும்பியது அவள் விரலுக்குத் தெரிந்தது. “உரியுது” என்று முணுமுணுத்தாள், அது வாய்வழியாகத் தெருக்கோடிவரை போனது. “இழு, இழு” என்று ஜனம் கத்தியது.

“இழுக்கக் கூடாது. இழுத்தா கண்ணோட வந்துரும். அவன்தான் நகரணும், நாம விடாமப் பிடிச்சுக்கிட்டு இருந்தாப் போதும்.”

கூட்டம் நின்ற இடத்தில் உட்கார்ந்தது. வெயில் உச்சியிலிருந்து இறங்கத் தொடங்கியது. அவள் கட்டைவிரலை நனைத்து நனைத்து அவன் இடது கண்ணின்மேல் வட்டமாகத் தடவிக்கொண்டிருந்தாள், கண்மேல் சிமிழ் மூடி மாதிரி இருந்த வறண்ட செதில் மெல்ல நெகிழ்ந்து, தோலோடு சேர்ந்து பின்னால் மடங்கியது. அந்த நொடியில் தெரு முழுக்க எல்லாருக்கும் இடது கண் தெளிந்தது. ஒற்றைக் கண்ணில் வேப்பமரத்தைப் பார்த்தார்கள், ஒற்றைக் கண்ணில் பிள்ளைகளைப் பார்த்து அழுதார்கள். பிறகு வலது கண் செதிலும் நெகிழ்ந்தது. வானம் நீலமாக இருந்தது, டைல்ஸ் பளபளத்தது, சந்தனக் குழம்பு படியெல்லாம் வழிந்து கிடந்தது. படியில் தவமணிக்குப் பக்கத்தில், முழங்காலோடு முழங்கால் இடிக்க, பாம்பின் வாலை மடியில் போட்டுக்கொண்டு அங்குராஜின் பெண்டாட்டி உட்கார்ந்திருந்ததையும் எல்லாரும் பார்த்தார்கள்.

அங்குராஜ் தலைக்கு மேல் கையைக் குவித்தார், கண்ணீர் தாரை தாரையாக வந்தது, பொய்க் கண்ணீர் இல்லை அது. பிறகு துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மனைவியைப் பார்த்தார். அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று, முதலில் ஆகவேண்டிய காரியத்தைப் பேசினார்.

“தாயி மனசு எறங்கிட்டா. நல்ல நேரம் முடியுறதுக்குள்ள உள்ள வச்சுப் பூட்டிருவோம். தூக்குங்கப்பா.”

பழைய தோல் கழுத்துக்குக் கீழே ஒரு சாண்கூட இறங்கவில்லை. “இன்னும் முடியலையே” என்றாள் தவமணி.

“கண்ணு தெளிஞ்சிருச்சே.”

“உங்க கண்ணு தெளிஞ்சிருச்சு. அவன் உடம்பு பூராவும் அப்படியே கெடக்கு. இதோட விட்டா தோலு இறுகி வாலு அழுகிப்போகும்.”

“வாலு போனாப் போகுது விடும்மா” என்றது கூட்டத்திலிருந்து ஒரு குரல், “வாலுனால நமக்கு என்ன.”

தவமணி எழுந்திருக்கவில்லை, பாம்பு கையில் இருந்தது. உட்கார்ந்தபடியே தலையைத் தூக்கி ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். “யாரு சொன்னது? சொன்னவன் முன்னால வா. கண்ணு வேணும், அதுக்குப் பின்னால இருக்கற உசுரு வேணாம், அப்படித்தான? என் வீட்டு எலிப்பாம்பைத் தூக்கிட்டு வந்து, பட்டினி போட்டு, பூசி மொழுகி, அதுக்குக் கண்ணு இருக்கறவரைக்கும் சாமிங்கிறீங்க. வாலு நுனி கழல்ற வரைக்கும் நான் எந்திரிக்க மாட்டேன். தைரியம் இருக்கறவன் வந்து தொடு.”

பட்டறைப் பையன்கள் ரெண்டு எட்டு வைத்தார்கள். அங்குராஜ் அவர்களைப் பார்க்காமல் தாழ்ந்த குரலில் சொன்னார்: “கனி, எந்திரி. வீட்டுக்குப் போ.”

“வாலு இன்னும் ஆகலைங்க” என்றாள் கனி.

“எந்திரின்னு சொல்றேன், காது கேக்கல?”

“கேக்குதுங்க. கண்ணும் இப்ப நல்லாத் தெரியுது. தெரிஞ்சுதான் உக்காந்திருக்கேன்.” அவள் மடியிலிருந்து சரிந்த வாலை எடுத்துச் சரியாக வைத்துக்கொண்டாள். “இத்தனை நாளும் கண்ணு தெரியாதப்ப மட்டும்தான் இந்தக்கா பக்கத்துல உக்காந்தேன். எனக்கே வெக்கமா இருக்கு. இன்னைக்கு முடியுறவரைக்கும் எந்திரிக்க மாட்டேன்.”

பையன்கள் முதலாளியைப் பார்த்தார்கள், முதலாளி மரத்தைப் பார்த்தார். கொக்கி தைக்கிற ரெண்டு மூன்று பெண்கள் முனகிக்கொண்டே வந்து படியைச் சுற்றி உட்கார்ந்தார்கள், ஒருத்தி வீட்டுக்கு ஓடி வெந்நீர் கொண்டுவந்தாள், இன்னொருத்தி தன் முந்தானையை நனைத்து நீட்டினாள். நல்ல நேரம் போய்விட்டது. செல்லத்துரை ஈரச் சாக்குக்குள் நுழைந்து அங்கிட்டு வெளியே வந்தான், திரும்ப நுழைந்தான், ஒவ்வொரு தடவையும் ஒரு விரற்கடை தோல் உள்பக்கம் வெளிப்பக்கமாகச் சுருண்டு பின்னால் போனது, வெயில் பட்ட இடமெல்லாம் புதுத் தோல் எண்ணெய் தடவின மாதிரி மின்னியது.

வால் நுனியில் மட்டும் நின்றுகொண்டது. வெந்நீருக்கு நெகிழவில்லை, விரலுக்கு அசையவில்லை. தவமணி கொஞ்சம் யோசித்தாள். பிறகு ஊசியில் கோர்க்கிறதுக்கு முன்னால் நூல் நுனியை வாயில் வைத்து நனைக்கிற மாதிரி, வால் நுனியைத் தன் வாயில் வைத்துக்கொண்டாள்.

சந்தனம் பூசின அம்மனின் வால், புருஷன் விட்டுட்டுப் போனவள் எச்சிலில். ஒரு ஆள் கன்னத்தில் போட்டுக்கொண்டான், ஒருத்தி கண்ணைப் பொத்திக்கொண்டு விரல் இடுக்கில் பார்த்தாள். தவமணி அங்குராஜை நேராகப் பார்த்துக்கொண்டே, வாயில் வாலோடு, அவசரமில்லாமல் உட்கார்ந்திருந்தாள். வாயிலிருந்து எடுத்தபோது தோல் நெகிழ்ந்திருந்தது. அவன் ஒரு இழு இழுத்துக்கொண்டு முன்னால் நகர்ந்தான், முழுச் சட்டையும் நுனிவரை ஒரு கிழிசல் இல்லாமல் அவள் கையில் வந்துவிட்டது.

அவனைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தாள், கால் மரத்துப்போயிருந்தது, கனி பிடித்துக்கொண்டாள். தவமணி அங்குராஜிடம் போய் அந்தத் தோலை அவர் ரெண்டு கையிலும் வைத்தாள்.

“சாமி வேணும்னா இதை வச்சுக்கங்க, அண்ணே. கண்ணு, வாய், வாலு எல்லாம் இருக்கு. எம்புட்டுச் சந்தனம் வேணும்னாலும் அப்புங்க, இதுக்கு வலிக்காது.”

அவர் வாங்கிக்கொண்டு நின்றார். கீழே போடவும் முடியவில்லை, உள்ளே கொண்டுபோய் வைக்கவும் கால் வரவில்லை. தவமணி தெரு நடுவிலேயே நடந்தாள், கயிற்றைத் தொடவில்லை, கழுத்தில் செல்லத்துரை நாக்கை நீட்டி நீட்டி வெயிலைப் பார்த்துக்கொண்டு வந்தான், பின்னால் வாளியைத் தூக்கிக்கொண்டு கனி வந்தாள், அவர்களுக்குப் பின்னால் தெருவே வந்தது. வாசலில் நின்று திரும்பினாள்.

“வெள்ளிக்கிழமை ஒருத்தரும் மஞ்சளையும் பாலையும் தூக்கிக்கிட்டு இங்க வரக் கூடாது. கும்பிடணும்னு தோணுச்சுன்னா எலி புடிச்சுக்கிட்டு வாங்க.”

சொல்லிவிட்டு உள்ளே போனாள். சண்முகக்கனி வாளியைக் கீழே வைத்தாள், புருஷன் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள், செருப்பைக் கழற்றி எல்லாருக்கும் தெரிகிற மாதிரி நடுவாசலில் விட்டுவிட்டு, படியை மிதித்து உள்ளே போனாள்.